சும்மா எழுத்தை மட்டும் மாத்திக் குடு

என் மேசையில் இரண்டு சத்துமாவு உறைகள் இருக்கின்றன. இரண்டும் ஒரே வீட்டிலிருந்து வந்தவை. ஒன்று 2021-ல் வாங்கியது. மாவு எப்போதோ தீர்ந்துவிட்டது. உறையை மட்டும் புத்தகத்துக்குள் அடையாளத்துக்கு வைத்திருந்தேன். மற்றது போன மாதம் கூரியரில் வந்தது. விற்பவள் என் பழைய மாணவி. முதல் உறைக்கு எழுதிக் கொடுத்து, வடிவமைத்தவளும் என் மாணவிதான். இருவரும் எம்.ஏ. தமிழில் ஒரே வகுப்பு, விடுதியில் ஒரே அறை. இரண்டாம் உறையை எழுதியது கைபேசியில் இருக்கும் ஒரு செயற்கை நுண்ணறிவுச் செயலி.

கவிதையும் நாவலும் படித்துப் பழகிய நாம் சத்துமாவு உறையைப் பிரதியாக எடுத்துக்கொள்வதில்லை. ஏ.ஐ. வந்தால் படைப்பாளி என்ன ஆவார் என்று கூட்டம் போடும்போதும் நாவலாசிரியர், திரைக்கதை எழுதுபவர், ஓவியர் என்று பெரிய பெயர்களைத்தான் பேசுகிறோம். எழுத்தை நம்பிச் சோறு தின்னும் பெண்கள் அந்த மேடைகளில் இல்லை. அவர்கள் டி.டி.பி. கடையில் கல்யாணப் பத்திரிகை அடிக்கிறார்கள். ஆய்வேட்டுக்குப் பிழை திருத்துகிறார்கள். ஜவுளிக்கடை நோட்டீஸுக்கு நான்கு வரி எழுதித் தருகிறார்கள். வீட்டிலிருந்தபடி மருந்துச் சீட்டின் ஆங்கிலத்தைத் தமிழாக்குகிறார்கள். ஆகவே நான் உறையைத்தான் படிக்கப்போகிறேன்.

பழைய உறையின் பின்புறத்தில் இப்படி இருக்கிறது: “வறுத்து அரைத்தது. சுக்கு கொஞ்சம் தூக்கலாக இருக்கும். பிள்ளை முகம் சுளித்தால் கருப்பட்டி கூட்டிக்கொள்ளுங்கள். முதலில் பச்சைத் தண்ணீரில் கரைத்துவிட்டு அப்புறம் அடுப்பில் வையுங்கள், கட்டி தட்டாது. மழைக்காலத்தில் இரண்டு மாதத்துக்கு மேல் வைக்க வேண்டாம்.”

புதிய உறை: “பாரம்பரியத்தின் சுவை, ஆரோக்கியத்தின் உறுதி! அன்னையின் அன்பும் இயற்கையின் வளமும் ஒன்றிணைந்த அற்புதக் கலவை. உங்கள் குடும்பத்தின் ஒவ்வொரு நாளையும் புத்துணர்ச்சியுடன் தொடங்குங்கள்!”

முதல் உறையில் ஒரு பெண் இன்னொரு பெண்ணிடம் பேசுகிறாள். அடுப்பு எதிரில் நிற்பவளுக்கு எது தேவையோ அதைச் சொல்கிறாள். தன் சரக்கின் குறையையே, சுக்கு தூக்கல் என்பதை, இரண்டாவது வாக்கியத்தில் ஒப்புக்கொண்டுவிடுகிறாள். மழையை அறிந்திருக்கிறாள். அதில் உள்ள வினைச்சொற்களை எண்ணிப்பாருங்கள்: வறுத்து, அரைத்தது, சுளித்தால், கூட்டி, கரைத்து, வைத்து. கையும் முகமும் அசைகின்றன. இரண்டாம் உறையில் சுவை, உறுதி, அன்பு, வளம், கலவை என்று பெயர்ச்சொற்களாக நிற்கின்றன. யாரும் எதையும் வறுக்கவில்லை. மாவு தானாகவே ஒன்றிணைந்திருக்கிறது. இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லை. தேர்வுத்தாளாக இருந்தால் முழு மதிப்பெண் போட்டிருப்பேன்.

‘அன்னையின் அன்பு’ என்ற தொடரைத்தான் என்னால் தாண்டிப்போக முடியவில்லை. இந்த மாணவிக்குக் குழந்தை இல்லை. அதையே நாள்தோறும் சொல்லிக் காட்டிய வீட்டிலிருந்து வெளியேறி, அம்மா வீட்டு மாடியில் ஒற்றை அறையில் தொடங்கிய தொழில் இது. அவளைத் துரத்திய சொல்லே அவள் சரக்கின் முகப்பில் உட்கார்ந்திருக்கிறது. தொலைபேசியில் கேட்டேன், அதைப் படித்தபோது உனக்கு ஒன்றும் தோன்றவில்லையா என்று. “நான் படிக்கவே இல்லம்மா. பாக்க அழகா இருந்துச்சு, போட்டுட்டேன்” என்று சிரித்தாள்.

அவள்மேல் பிழை சொல்ல மாட்டேன். விளம்பரத் தமிழில் உணவு என்றாலே அன்னைதான். ஊறுகாய், மசாலா, நெய் எதுவானாலும் அம்மாவின் கைப்பக்குவம் என்றுதான் நாற்பது வருடமாக எழுதி வந்திருக்கிறார்கள். இயந்திரம் அவ்வளவையும் விழுங்கி, ‘சத்துமாவு’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் எது அதிகமாக வரும் என்று கணக்குப் போட்டுத் தருகிறது. பெண்ணின் கூலியில்லா உழைப்பை அன்பு என்று பெயர் மாற்றும் பழைய தந்திரம் அந்தக் கணக்குக்குள் இருக்கிறது. அதற்காக எந்த ஆண்முதலாளியும் தனியாக உட்கார்ந்து சதி செய்ய வேண்டியதில்லை.

படமும் அப்படித்தான். உறையில் ஜிமிக்கியும் பட்டுச்சேலையுமாக ஒரு வெள்ளைத்தோல் இளம்பெண் பானையைக் கிளறுகிறாள். பட்டுச்சேலை கட்டிக்கொண்டு சத்துமாவு வறுத்தால் என்ன ஆகும் என்று வறுத்தவர்களுக்குத் தெரியும். மாணவி வேறு படம் கேட்டுப் பார்த்திருக்கிறாள். “கறுப்பா வேணும்னு கேட்டா பாட்டியாக்கி விட்ருது. இல்லாட்டி கொண்டுபோயி வயல்ல நிறுத்திருது” என்றாள். பிள்ளை பெற்றவர்களுக்கான பூண்டு லேகியத்துக்குப் பால் கொடுக்கும் தாயின் படம் கேட்டதற்கு, இது விதிகளுக்குப் புறம்பானது என்று மறுத்துவிட்டதாம். ஜிமிக்கிப் பெண்ணின் ரவிக்கைக் கழுத்து மட்டும் ஒவ்வொரு முறை மாற்றச் சொல்லும்போதும் கொஞ்சம் கீழே இறங்கி வந்திருக்கிறது. இருபது வருடங்களுக்கு முன் குட்டி ரேவதி தன் தொகுப்புக்கு ‘முலைகள்’ என்று பெயர் வைத்தபோது தமிழ் இலக்கிய உலகம் என்ன பாடு படுத்தியது என்பது இந்தத் தொகுதியின் வாசகர்களுக்கு நினைவிருக்கும். அந்தப் பெரியவர்களைப் பயிற்சிக்கு அழைத்திருப்பார்களோ என்று எனக்கே ஒரு சந்தேகம்.

இது நம்மூர்ச் செயலியின் கோளாறு மட்டும் இல்லை. 2025 ஆகஸ்ட் மாத அமெரிக்க ‘வோக்’ இதழில் கெஸ் நிறுவனத்தின் விளம்பரம் வந்தது. பொன்னிறக் கூந்தல் பெண். ஓரத்தில் சிறிய எழுத்தில் இது ஏ.ஐ. உருவாக்கியது என்ற குறிப்பு. அந்தப் பெண்ணை உருவாக்கியது செராஃபின் வல்லோரா என்ற சிறு நிறுவனம். அதைத் தொடங்கியவர்கள் இருவரும் இளம்பெண்கள். வேறு நிறத் தோலுடைய பெண்களின் படங்களையும் சமூக ஊடகத்தில் போட்டுப் பார்த்தோம், யாரும் விருப்பக்குறி இடவில்லை என்ற பொருளில் அவர்கள் பி.பி.சி.க்குச் சொல்லியிருந்தார்கள். பருத்த உடலுடைய பெண்களைக் காட்டும் அளவுக்குத் தொழில்நுட்பம் வளரவில்லை என்றும் சொன்னார்கள். பெண்கள் தொடங்கும் தொழில் என்றால் அது பெண்களுக்கான தொழில் என்று நாம் கைதட்டி வந்திருக்கிறோம். மாடல் பெண், அவளுக்கு ஒப்பனை செய்பவர், முடி திருத்துபவர், படம் எடுப்பவர் ஆகிய அத்தனை பேரின் கூலியும் இல்லாமல் முடிகிறது என்பதுதான் இந்த வகைத் தொழிலின் முதல். இந்தக் கணக்கில் நாம் எங்கே கைதட்டுவது?

இந்த இடத்தில் நிறுத்தினால் எனக்கு வசதியாக இருக்கும். ஆனால் சத்துமாவுக்காரி என்னை நிறுத்தவிடவில்லை. “அம்மா, எழுத்த விடுங்க. இங்கிலீஷப் பத்திக் கேளுங்க” என்றாள்.

தமிழ் எம்.ஏ. படித்த பெண்ணுக்குத் தொழில் தொடங்க என்ன தடை? முதலீடு என்போம், குடும்பம் என்போம். அவள் சொன்ன தடை மின்னஞ்சல். பெங்களூரிலிருந்து ஐம்பது கிலோ கேட்டு ஒரு கடைக்காரர் ஆங்கிலத்தில் எழுதினால், பதில் எழுத அவள் அக்கா கணவரிடம் போக வேண்டும். அவர் அலுவலகம் முடிந்து வந்து, காப்பி குடித்து, கிரிக்கெட் பார்த்து, “உனக்கு எதுக்கும்மா இந்த வேல” என்று ஆரம்பித்து, இரண்டு நாள் கழித்து எழுதித் தருவார். விலையையும் அவரே முடிவுசெய்துவிடுவார். வங்கிக்குக் கடன் விண்ணப்பம், உணவுப் பாதுகாப்புப் பதிவுக்கான படிவம், பொட்டலம் உடைந்து வந்தது என்று திட்டி எழுதிய வாடிக்கையாளருக்குச் சமாதானம் எல்லாமே அந்த ஒரு ஆணின் கை வழியாகத்தான் போக வேண்டும். இப்போது போவதில்லை. இரவு பத்து மணிக்கு மாடியில் உட்கார்ந்து தமிழில் சொல்கிறாள், ஆங்கிலத்தில் வருகிறது. “அது என்னைய ஏன்னு கேக்காதும்மா” என்றாள்.

ஏன் என்று கேட்காத ஒன்று தன் வீட்டில் இருப்பது ஒரு பெண்ணுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பதை விரிவுரையாளர் சம்பளம் வாங்கும் நான் எளிதில் மறந்துவிடுகிறேன். 1989-ல் தருமபுரியில் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் தொடங்கிய காலத்திலிருந்து பெண்ணுக்குக் கடன் தந்தோம், பயிற்சி தந்தோம். அவளுடைய கடிதத்தை யார் எழுதுவது என்பதை மட்டும் அவரவர் வீட்டு ஆண்களிடமே விட்டுவிட்டோம்.

அந்த ஆங்கிலத்திலும் ஒரு சின்ன விஷயம் உண்டு. குழுத் தலைவியைப் பற்றி அவள் தமிழில் ‘அவர்’ என்று சொன்னதை அந்தச் செயலி ஆங்கிலத்தில் ஆணாக்கி அனுப்பிவிட்டது. பெண்ணுக்கும் ஆணுக்கும் பொதுவாக மரியாதை தரும் ஒரு சொல்லைத் தமிழ் வைத்திருக்கிறது. இயந்திரம் மரியாதையைப் பார்த்ததும் இவன் ஆணாகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவுகட்டிவிட்டது. தமிழ் அதற்கு நெடுநாள் புரியாத மொழிதான். ஓப்பன்ஏஐ நிறுவனம் 2024 மே மாதம் புதிய மாதிரியை வெளியிட்டபோது தானே ஒரு ஒப்பீட்டைத் தந்தது. ஒரே சிறு அறிமுகப் பேச்சு பழைய முறையில் ஆங்கிலத்தில் 27 டோக்கன்களாகவும் தமிழில் 116 டோக்கன்களாகவும் உடைந்தது. புதிய முறையில் ஆங்கிலத்துக்கு 24, தமிழுக்கு 35. டோக்கன் என்பது இயந்திரம் மொழியை நறுக்கும் துண்டு. துண்டுகளை எண்ணித்தான் கணினி உழைக்கிறது, பல சேவைகளில் கட்டணமும் அதை வைத்துத்தான். அதே சொல்லைச் சொல்ல நான்கு மடங்கு செலவான மொழி இப்போது ஒன்றரை மடங்குக்கு வந்திருக்கிறது என்றால் அது முன்னேற்றம்தான், மறுக்கவில்லை.

இனி மற்றவளுக்கு வருகிறேன். பழைய உறையை எழுதியவள்.

அவள் படிப்பு முடித்து ஒரு டி.டி.பி. கடையில் சேர்ந்தாள். பிறகு கடன் வாங்கி ஒரு பழைய கணினி வாங்கி வீட்டிலேயே செய்தாள். அந்தச் சத்துமாவு உறைக்குத் தோழியிடமே 1,200 ரூபாய் வாங்கினாள். அதில் எனக்குப் பெருமை உண்டு. காதுகுத்து, பூப்புனித நீராட்டு, கோவில் கொடை என்று மாதம் பத்துப் பதினைந்து வேலை வரும். மகளின் பள்ளிக் கட்டணம் அதிலிருந்துதான். இப்போது கடைக்காரர்களே செயலியில் சுவரொட்டி செய்துகொள்கிறார்கள். பின்னணி, பூ, விளக்கு எல்லாம் பளபளவென்று வந்துவிடுகிறது. தமிழ் எழுத்து மட்டும் வராது. கொம்பு ஒரு பக்கம் கிடக்கும், கால் ஒரு பக்கம் கிடக்கும், ‘ண’வுக்கு நான்கு சுழி இருக்கும், மெய்யெழுத்துகள் புள்ளியைத் தொலைத்துவிட்டு நிற்கும். அதை அவளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, “எல்லாம் ரெடியா இருக்கு, சும்மா எழுத்தை மட்டும் மாத்திக் குடு” என்கிறார்கள். கூலி நூறு ரூபாய்.

சும்மா மாற்ற முடியாது. அது படமாக வந்த எழுத்து. முதலில் அதை அழிக்க வேண்டும். அழித்தால் பின்னணியில் ஓட்டை விழும். அந்த ஓட்டையைப் பூவும் புகையுமாக நிரப்ப வேண்டும். அதற்குப் பிறகுதான் எழுத்தை அடுக்க முடியும். புதிதாகச் செய்தால் ஒன்றரை மணி நேரம், இதற்கு இரண்டரை மணி நேரம் என்கிறாள். வேலை போகவில்லை. வேலையின் பெயர் போய்விட்டது. வடிவமைப்பாளராக இருந்தவள் திருத்துபவள் ஆனாள், கூலி பன்னிரண்டில் ஒரு பங்கானது. ‘சும்மா’ என்ற சொல்லைப் பெண்கள் வேறோர் இடத்திலும் கேட்டிருக்கிறோம். உங்க வீட்டுக்காரம்மா என்ன பண்றாங்க? சும்மா வீட்லதான் இருக்கா. சமையலும் பிள்ளைப்பேறும் நோயாளிப் பணிவிடையும் அடங்கிய அந்தச் ‘சும்மா’தான் இப்போது வாட்ஸ்அப்பில் வருகிறது. பெண்ணியப் பொருளியலாளர்கள் பல ஆண்டுகள் போராடி வீட்டு வேலையைப் பற்றிச் சொன்னதை, இனி வீட்டில் இருந்தபடி செய்யும் கணினி வேலையைப் பற்றியும் சொல்ல வேண்டும்.

ஹாலிவுட்டில் எழுத்தாளர்கள் 2023-ல் 148 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஏ.ஐ. எழுதியதை எழுத்தாளரின் படைப்பாகக் காட்டிக் கூலியைக் குறைக்கக் கூடாது என்பது அவர்கள் பெற்ற ஒப்பந்தத்தின் ஒரு பகுதி. அதே ஆண்டு ஜனவரியில், தங்கள் ஓவியங்களைக் கேட்காமல் பயிற்சிக்கு எடுத்ததாகப் படம் வரையும் ஏ.ஐ. நிறுவனங்கள்மேல் அமெரிக்காவில் வழக்குப் போட்ட மூவர் சாரா ஆண்டர்சன், கெல்லி மெக்கெர்னன், கார்லா ஓர்ட்டிஸ் என்ற ஓவியர்கள். அவர்களிடம் சங்கமும் வழக்கறிஞரும் இருந்தார்கள். காதுகுத்துப் பத்திரிகை அடிப்பவளுக்கு என்ன சங்கம்? எங்கள் ஊரில் இந்த வேலை செய்யும் நாலைந்து பெண்களுக்கு ஒருவரை ஒருவர் தெரியாது. ஒருத்தி நூறு ரூபாய்க்கு மாட்டேன் என்றால் அடுத்தவளுக்குப் போகிறது.

கேட்டு வாங்கி, கூலி கொடுத்து, பெயர் போட்டுச் செய்தால் சரியாகிவிடுமா? ‘லால் சலாம்’ படத்துக்காக ஏ.ஆர். ரகுமான் 2024-ல் மறைந்த பம்பா பாக்யா, சாகுல் ஹமீது குரல்களை ஏ.ஐ. மூலம் பாடவைத்தபோது குடும்பத்தினரிடம் அனுமதி பெற்று ஊதியமும் தந்ததாகச் சொன்னார். அதே ஆண்டு ஜனவரியில் மறைந்த பவதாரிணியின் குரல், அவருடைய தம்பி யுவன் சங்கர் ராஜாவின் இசையில் விஜய் படத்துக்காக மீண்டும் ஒலித்தது. முதன்முறை கேட்டபோது அழுதேன், பொய் சொல்ல மாட்டேன். இரண்டாம் முறை கேட்டபோது ஒரு கேள்வி எழுந்தது. உயிரோடு இருக்கும் பாடகி இந்தப் பாட்டு வேண்டாம், இந்த வரியைப் பாட மாட்டேன் என்று சொல்லலாம். இறந்தவளுக்காகச் சரி சொல்வது குடும்பம். நம் சமூகத்தில் பெண்ணுக்காகக் குடும்பம் சரி சொல்வது புதிய வழக்கமா?

பெயரைப் பற்றிச் சங்க இலக்கியம் நடத்துபவளாக ஒன்று சொல்ல வேண்டும். குறுந்தொகையைத் தொகுத்தவர்களுக்குச் சில பாடல்களை எழுதியவர் யாரென்று தெரியவில்லை. அவர்கள் பாடலில் மின்னிய ஒரு தொடரையே எடுத்து அந்த முகம் தெரியாதவருக்குப் பெயராக வைத்தார்கள். செம்புலப்பெயல்நீரார், அணிலாடு முன்றிலார். பெயர் தெரியாது என்பதற்காக ஆளே இல்லை என்று அவர்கள் முடிவு செய்யவில்லை. இணையத்திலிருந்து கோடிக்கணக்கில் படத்தையும் எழுத்தையும் அள்ளியவர்களுக்கு எதிரில் பெயர் தெளிவாகவே இருந்தது. 2025 செப்டம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம், திருட்டு நூலகத் தளங்களிலிருந்து நூல்களை இறக்கிய வழக்கில் 150 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது, நூலுக்குச் சுமார் 3,000 டாலர். அதுவும் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்தில் பதிவான நூல்களுக்கு மட்டும். தமிழில் சிறுபதிப்பகத்தில் முந்நூறு பிரதி அச்சிட்ட கவிதைத் தொகுப்புகளை யார் அங்கே பதிவு செய்து வைத்திருக்கிறோம்?

ஆனாலும் என் கவிதையைத் திருடிவிட்டார்கள் என்று உரக்கச் சொல்ல எனக்குத் தயக்கம் இருக்கிறது. காரணம் இது. போன பருவத்தில் வகுப்பில் மாணவிகளை ஏ.ஐ.யிடம் ஒரு ‘பெண்ணியக் கவிதை’ கேட்கச் சொன்னேன். முப்பத்திரண்டு கவிதைகள் வந்தன. சிறகு, சிறை, நெருப்பு, விலங்கை உடைப்பது, வானம் அளப்பது. கடைசி வரியில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் அவள் எழுந்து நின்றாள். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். அப்போது முன்வரிசைப் பெண் ஒருத்தி எழுந்து, “அம்மா, போன மகளிர் தினத்துக்கு நீங்க வாசிச்சதுலயும் சிறகு வந்துச்சு” என்றாள். வந்ததுதான். மகளிர் தின மேடைக்கென்று, அழைத்தவர்கள் முகம் வாடாதபடி, ஒரே இரவில் எழுதியது. அந்த மாதிரிக் கவிதையை இயந்திரம் மூன்று விநாடியில் செய்கிறது என்றால், அதற்கு நான் பட்ட இரவுப்பாடு என்ன பாடு என்று எனக்கே விளங்கவில்லை. சிறகு இல்லாமல் ஒரு வருடம் எழுதிப் பார்ப்பது என்று முடிவு செய்திருக்கிறேன். இதுவரை நாலு கவிதைதான் தேறியிருக்கிறது.

அதே வகுப்பில் பிறகு வேறொன்று கேட்டேன். உங்கள் வீட்டில் யாராவது பெண் எழுதிவைத்த எதையாவது கொண்டுவாருங்கள். மளிகைச் சீட்டு, சீட்டுப்பணக் கணக்கு, மருத்துவரிடம் சொல்ல மறந்துவிடக்கூடாது என்று நாட்காட்டியின் பின்பக்கம் குறித்த நோய்க்குறிகள் வந்தன. ஒரு பாட்டியின் நோட்டில் பால்காரருக்கு எதிரே ‘ஞாயிறு தண்ணி’ என்று மூன்று வாரம் தொடர்ந்து எழுதியிருந்தது. நான்காம் வாரம் வேறு பால்காரர் பெயர். அன்றைய வகுப்பு மணி அடித்தும் முடியவில்லை.

இரண்டாம் உறையின் கதையில் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. “சர்க்கரை நோயை அடியோடு விரட்டும்” என்று ஒரு வரியையும் அந்தச் செயலி சேர்த்திருந்தது. கேட்காமலே சேர்த்தது. உணவுப்பொருள் நோயைத் தடுக்கும், குணப்படுத்தும் என்று உறையில் எழுத விதி இடம் தருவதில்லை. இதற்கென்று 2018-ல் தனி விதிமுறைகளே வந்திருக்கின்றன. உணவுப் பாதுகாப்பு அலுவலர் கேட்டபோது, இதை நான் எழுதவில்லை, கைபேசி எழுதியது என்று அவளால் சொல்ல முடியவில்லை. உறையில் இருக்கும் பதினான்கு இலக்கப் பதிவு எண் அவளுடையது. எண்ணூறு உறைகள் அச்சாகிவிட்டிருந்தன.

அன்றைக்கு அவள் கூப்பிட்டது பழைய அறைத்தோழியைத்தான். அந்த வரியை மறைக்கிற அளவுக்கு ஒரு சிறு ஒட்டுத்தாள் வடிவமைத்து, அச்சடித்து, இருவரும் இரண்டு இரவு மாடியில் உட்கார்ந்து எண்ணூறையும் ஒட்டியிருக்கிறார்கள். காசு வாங்கினாயா என்று அவளிடம் கேட்டேன். “மூணு கிலோ மாவு குடுத்தா. சுக்கு இன்னும் தூக்கல்தான்” என்றாள். என் மேசையில் இருப்பது அந்த எண்ணூறில் ஒன்று. ஒட்டுத்தாளில் ‘பச்சைத் தண்ணீரில் கரைத்து அடுப்பில் வைக்கவும்’ என்று இருக்கிறது. கொஞ்சம் கோணலாக ஒட்டியிருக்கிறார்கள். இடது ஓரத்தில் ‘சர்’ மட்டும் வெளியே தெரிகிறது.